நீலக் குழந்தைகளைக் காத்த ஹெலன் அம்மையார்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் சான்றோர் ஒருவரின் வாழ்க்கையை எழுதும் பணி இவ்வாண்டு நம்மிடம் ஒப்புவிக்கப்பட்டது. கோந்த்வாவில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் குழந்தையின் குரல் கேளாத வீடு அரிது. ஆதலின், பிறவியிலேயே இதயக் குறையோடு தோன்றும் குழந்தைகளுக்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்ட டாக்டர் ஹெலன் டாசிக் அம்மையாரைப் பற்றி எழுதத் துணிந்தோம். நமக்கு மருத்துவக் கல்வி இல்லை; பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது; ரயில்வேயில் எழுத்தராகக் காலம் கழிகிறது. ஆயினும் இவ்வரலாற்றை எழுதுவதற்கு நமக்கென ஒரு காரணம் உண்டு. அதனை இறுதியிற் கூறுவோம்.

இளமையும் கல்வியும்

அம்மையார் 1898ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். தந்தையார் பிராங்க் டாசிக், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர். கல்வியிற் சிறந்த குடும்பம் அது. எனினும் துன்பம் அவ்வீட்டையும் விடவில்லை. ஹெலனுக்குப் பதினொரு வயது நடக்கும்போது தாயார் காசநோயால் காலமானார். அந்நோய் சிறுமியையும் தொட்டுச் சென்றது. போதாக்குறைக்கு, எழுத்துக்களைக் கூட்டிப் படிப்பதில் அவருக்கு இயல்பாகவே பெரும் இடர்ப்பாடு இருந்தது. தந்தையார் மகளை அருகில் அமர்த்திப் பொறுமையோடு பயிற்றுவித்தார். அப்பயிற்சியின் பயனாய் அவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1921இல் பட்டம் பெற்றார்.

மருத்துவம் பயில விரும்பியபோது வேறொரு தடை எதிர்ப்பட்டது. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி அந்நாளில் பெண்களைச் சேர்ப்பதில்லை. 1945இல்தான் அதன் கதவு திறந்தது. பொதுச் சுகாதாரப் பள்ளியிலோ, பெண்கள் பாடம் கேட்கலாம், பட்டம் கிடையாது என்ற நிலை. பட்டம் தரமாட்டாத இடத்தில் நெடுங்காலம் பயில்வதில் பயனில்லை எனக் கண்ட அம்மையார், பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் உடற்கூறு பயின்றார். அங்கே பேராசிரியர் ஒருவர் மாட்டின் இதயம் ஒன்றை அவர் கையிற் கொடுத்து ஆராயச் சொன்னார். அன்று தொடங்கிய இதய ஆராய்ச்சி அறுபது ஆண்டுகள் நீடித்தது. பின்னர், தொடக்க நாள் முதலே பெண்களையும் சேர்த்துக்கொண்ட பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1927இல் மருத்துவரானார்.

பெண்களுக்கு நேர்ந்த இத்தகைய தடைகள் நாம் அறியாதவை அல்ல. நாம் வாழும் இப்புனே நகரத்து ஆனந்திபாய் ஜோஷி கடல் கடந்து பிலடெல்பியா சென்று 1886இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மறு ஆண்டே, 21 வயதில், இந்நகரிலேயே மறைந்தார். நம் தமிழகத்து முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். இம்மூவரும் ஒரே பாதையில் முன்பின்னாக நடந்தவர்கள் எனலாம்.

விரல்களாற் கேட்டவர்

1930இல் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் குழந்தைகள் இதயப் பிரிவுக்கு அம்மையார் பொறுப்பேற்றார். அக்காலத்தே அவருக்குச் செவிப்புலன் குறையத் தொடங்கியது. இதய மருத்துவருக்குக் காது எத்துணை இன்றியமையாதது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் வைத்தே நோயறிந்த காலம் அது. அம்மையார் தொழிலைக் கைவிடவில்லை. பேசுவோரின் உதட்டசைவைப் பார்த்துப் பொருள் கொண்டார். ஒலியைப் பெருக்கும் கருவிகளைக் கையாண்டார். அனைத்திற்கும் மேலாக, குழந்தையின் மார்பின்மீது தம் விரல்களை மென்மையாக வைத்து, இதயத்தின் துடிப்பையும் அதிர்வையும் தொட்டே உணர்ந்தார். எக்ஸ்ரே திரையின் முன் குழந்தையைப் பல கோணங்களில் திருப்பி, இதயத்தின் வடிவத்தைக் கண்டார். இறந்த குழந்தைகளின் இதயங்களைப் பிரித்துப் பார்த்துத் தாம் முன்பு கணித்ததோடு ஒப்பிட்டார்.

அக்குழந்தைகளுள் உதடும் நகமும் நீலம் பாய்ந்தவர்கள் ஒரு பிரிவினர். இவர்களுக்கு மருந்தில்லை, மருத்துவமில்லை எனக் கைவிடுவதே அந்நாளைய வழக்கம். அம்மையார் ஒருவரே அவர்களை ஆண்டுக்கணக்கிற் கூர்ந்து நோக்கிக் குறிப்பெழுதி வந்தார்.

நீல நோயின் காரணம்

இதயத்தின் வேலையை நம் தொழில் மொழியிற் சொல்ல வாசகர்கள் பொறுத்தருள்க. இதயத்தை ஒரு பெரிய ஜங்ஷன் எனக் கொள்வோம். உடலெங்கும் சென்று பிராணவாயுவைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் இரத்தம் அதன் வலப்புறத்தை அடைகிறது. அங்கிருந்து நுரையீரலுக்குச் சென்று, புதிய பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு இடப்புறத்திற்கு வருகிறது. மீண்டும் உடலுக்குப் புறப்படுகிறது. இவ்விரு பாதைகளும் கலத்தலாகாது.

பிரெஞ்சு மருத்துவர் பாலோ 1888இல் விளக்கிய நோயில் நான்கு கோளாறுகள் ஒருங்கே அமைகின்றன. கீழறைகளுக்கிடையே உள்ள சுவரில் துவாரம். நுரையீரலுக்குச் செல்லும் வழியிற் குறுக்கம். மகாதமனி அத்துவாரத்தின் மேலாக இடம் பெயர்ந்திருத்தல். வலக் கீழறைச் சுவர் தடித்தல். வழி குறுகியதால் நுரையீரலுக்குச் செல்ல வேண்டிய இரத்தத்தில் ஒரு பகுதி, பிராணவாயு ஏற்றாமலே துவாரத்தின் வழியே உடலுக்குத் திரும்பிவிடுகிறது. குழந்தை நீலம் பாய்வதன் காரணம் இதுவே.

நிற்க. கருவில் இருக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் மகாதமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கும் சிறு குழாய் ஒன்று உண்டு. பிறந்த சில நாட்களில் அது தானே மூடிக்கொள்ளும். நீலக் குழந்தைகளுள் அக்குழாய் மூடாதவர்கள் ஓரளவு நலமாயிருப்பதையும், அது மூடிய பின்னரே நோய் முற்றுவதையும் அம்மையார் கண்டார். அவ்வாறாயின், மூடிய குழாய்க்குப் பதிலாகப் புதியதொரு வழியை மனிதர் கையால் அமைத்தால் என்ன என்ற எண்ணம் அவருக்குப் பிறந்தது. முதன்மைப் பாதை அடைபட்டால் வண்டியை வேறு தடத்தில் திருப்பி அனுப்புவது நம் ரயில்வேயில் அன்றாட நிகழ்ச்சி. மருத்துவர்களும் இம்முறைக்கு ஷண்ட் என்றே பெயரிட்டிருப்பதை அறிந்து நாம் வியந்தோம்.

மூவர் கூடிய பணி

அம்மையார் அறுவை மருத்துவர் அல்லர். 1938இல் பாஸ்டன் நகரில் டாக்டர் கிராஸ் என்பவர், மூடாதிருந்த அக்குழாயை அறுவையால் மூடிக்காட்டிப் புகழ் பெற்றிருந்தார். அம்மையார் அவரிடம் சென்று, மூடத் தெரிந்தவர்க்குத் திறக்கவும் இயலுமன்றோ என வினவினார். அவர் அதில் நாட்டம் கொள்ளவில்லை. அம்மையார் மனந்தளராது காத்திருந்தார். 1941இல் டாக்டர் ஆல்பிரட் பிளேலாக் ஹாப்கின்ஸில் அறுவைத் துறைத் தலைவராக வந்தார். அவரிடம் அதே கேள்வியை வைத்தார், அவர் ஏற்றுக்கொண்டார்.

பிளேலாக்குடன் வந்தவர் விவியன் தாமஸ் என்னும் கறுப்பின இளைஞர். தச்சுத் தொழில் பழகியவர். கல்லூரியிற் சேரச் சேர்த்த பணம் வங்கி முறிந்ததால் போயிற்று. பட்டம் பெற இயலவில்லை. ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தும் சம்பளப் பட்டியலில் துப்புரவுப் பணியாளர் பிரிவிலேயே வைக்கப்பட்டிருந்தார். இவர்தாம் ஏறத்தாழ 200 நாய்களிடத்துச் சோதனை செய்து, கைக்குச் செல்லும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார்.

1944 நவம்பர் 29ஆம் நாள், ஐந்து கிலோ எடையும் இல்லாத பதினைந்து மாதப் பெண் குழந்தைக்கு முதல் அறுவை நடந்தது. பிளேலாக்கின் பின்னே ஒரு முக்காலியின்மீது தாமஸ் நின்று, ஒவ்வொரு தையலுக்கும் வழி கூறினார். அக்குழந்தை சிறிது தேறியது. ஆயினும் சில மாதங்களில் இறந்தது. மூன்றாவதாக அறுவை செய்யப்பட்ட ஆறு வயதுச் சிறுவனின் உதடுகளோ, மேசையிலேயே நீலம் நீங்கிச் செந்நிறம் பெற்றன. 1945இல் இச்செய்தி மருத்துவ இதழில் வெளிவந்ததும், பல நாடுகளிலிருந்தும் பெற்றோர் தம் குழந்தைகளை ஏந்திப் பால்டிமோருக்கு விரைந்தனர். சில ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் நடைபெற்றன.

அக்கட்டுரையில் தாமஸின் பெயர் இல்லை. 1976இல்தான் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. இன்று மருத்துவர் பலர் அவ்வறுவையை பிளேலாக், தாமஸ், டாசிக் என்ற மூவர் பெயராலும் வழங்குகின்றனர். கோப்பின் அடியில் உழைத்துப் பெயர் வெளிவராதிருக்கும் எழுத்தர்களுக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தி.

இவ்வறுவை நோயை முற்றும் நீக்குவதன்று. குழந்தையை வாழவைத்து வளரச் செய்வது. 1954இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டாக்டர் லில்லஹை இதயத்தைத் திறந்து நான்கு கோளாறுகளையும் சீர்செய்யும் முறையைத் தொடங்கிவைத்தார்.

பிற்கால வாழ்வு

1947இல் அம்மையார் பிறவி இதயக் கோளாறுகளைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். பல நாட்டு மருத்துவர்கள் அவரிடம் பயின்றனர். அவர்களுள் ஒருவர் பர்மாவிற் பிறந்த டாக்டர் எஸ். பத்மாவதி. 1942இல் போருக்கு அஞ்சி இவர் குடும்பம் கோயமுத்தூர் வந்து சேர்ந்தது. அம்மையாரிடம் பயின்று திரும்பிய பின், டில்லியில் இதய மருத்துவத்தை வளர்த்து, 103 வயது வரை வாழ்ந்து 2020இல் மறைந்தார்.

1962இல் அம்மையார் செருமனி சென்று, தாலிடோமைடு என்னும் தூக்க மருந்தைக் கருவுற்ற தாய்மார் உண்டதால் குழந்தைகள் கைகால் குறைந்து பிறப்பதை நேரிற் கண்டார். நாடு திரும்பி அரசினர் மன்றத்தில் சாட்சி கூறினார். புதிய மருந்துகளைக் கடுமையாகச் சோதிக்கும் சட்டம் அவ்வாண்டே அமெரிக்காவில் நிறைவேறியது. 1959இல் பேராசிரியர் பதவி, 1964இல் அதிபர் கையால் விடுதலைப் பதக்கம், 1965இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் முதற் பெண் தலைவர் பதவி எனச் சிறப்புகள் தொடர்ந்தன. மணம் செய்துகொள்ளாத அம்மையார், பணி ஓய்வுக்குப் பின்னும் தம்மிடம் சிகிச்சை பெற்றோர் எவ்வாறு வாழ்கின்றனர் என விசாரித்து ஆராய்ந்து வந்தார். 1986 மே 20ஆம் நாள், வாக்களிப்பதற்காக நண்பர்களைத் தம் காரில் அழைத்துச் சென்றபோது விபத்தில் உயிர் நீத்தார். 88 வயது நிறைய நான்கு நாட்களே இருந்தன. அவர் உடலும் மருத்துவக் கல்விக்கே அளிக்கப்பட்டது.

நம் காரணம்

நமக்கு ஒரு தங்கை இருந்தாள். ஊரில் பள்ளிக்குப் போகும் வழியில் சிறிது தூரம் நடந்ததும் குந்தி உட்காருவாள். பிறகு எழுந்து வருவாள். நாம் அவளைச் சோம்பேறி எனப் பரிகசித்துக் கையைப் பிடித்து இழுத்துச் சென்றதுண்டு. அவள் நகங்களில் இருந்த நீலத்தை நாவற்பழக் கறை என்றே வீட்டார் எண்ணினர். ஏழு வயது நிரம்புமுன் அவள் இறந்தாள்.

பல ஆண்டுகளுக்குப் பின் அம்மையாரின் வரலாற்றைப் படித்தபோது, நீலக் குழந்தைகள் குந்தியமர்வதை அவர் நுணுகி நோக்கி எழுதியிருப்பதை அறிந்தோம். குந்தும்போது கால்களின் தமனிகள் மடங்கி அழுந்துவதால், நுரையீரலுக்குச் செல்லும் இரத்தம் சற்று மிகுகிறது. எவரும் கற்பியாமலே அவள் தன் உயிரைத் தானே காத்துக்கொள்ள முயன்றிருக்கிறாள் என்பது அன்றுதான் விளங்கிற்று. நோயின் பெயரை இன்று நாம் உறுதியாகக் கூற இயலாது. ஆனால் அவள் குந்திய இடத்தில் நாம் ஒரு நாள் நின்று பார்த்திருக்கலாம்.

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் எட்டு அல்லது ஒன்பது பேருக்கு இதயத்தில் ஏதேனும் ஒரு குறை இருக்கிறது. பெரும்பாலானவற்றுக்கு இன்று சிகிச்சை உண்டு. அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் குழந்தைகளைச் சோதித்து மேல்சிகிச்சைக்கு அனுப்பும் ராஷ்ட்ரீய பால் சுவாஸ்திய காரியக்ரம் என்ற அரசுத் திட்டம் 2013 முதல் நடைபெறுகிறது. பெண் குழந்தையாயின் நாளை மணம் தடைப்படும் என அஞ்சி நோயை மறைக்கும் வழக்கம் நம்மவரிடையே இன்னும் முற்றும் ஒழிந்திலது. அன்பர்களே, அதனை விடுக. பால் குடிக்கையில் வியர்த்துக் களைக்கும் குழந்தையையும், அழுதால் உதடு நீலம் பாயும் குழந்தையையும், விளையாட்டின் நடுவே குந்தியமரும் குழந்தையையும் உடனே மருத்துவரிடம் காட்டுக. காது கேளாத அம்மையார் விரல்களாற் கேட்டார். கண்ணுள்ள நாம் கண்ணாற் பார்ப்போமாக.