மரணப் படுக்கையருகே ஒரு புனிதர்

ஜூலை 14 அன்று திருச்சபை புனித கமில்லஸ் தெ லெல்லிஸை நினைவுகூருகிறது. நம் மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இரவும் பகலும் உழைக்கும் செவிலியரை மனத்தில் கொண்டு இவரது வாழ்வைத் தியானிப்போம்.

1550ஆம் ஆண்டு இத்தாலியின் புக்கியானிக்கோ என்ற ஊரில் பிறந்த கமில்லஸ் ஒரு போர்வீரர், சூதாட்டத்திற்கு அடிமையானவர். காலில் வந்த புண் ஆறாததால், உரோமையில் தீராத நோயாளிகளுக்கென இருந்த புனித யாக்கோபு மருத்துவமனைக்கு வந்தார். அங்கேயே வேலையும் செய்தார். ஆனால் சூதாட்டமும் முரட்டுக் குணமும் அவரை வெளியேற்றின. கடைசியில் கையில் காசின்றி, கப்புச்சின் துறவியரின் கட்டட வேலைக்குக் கூலியாளாகச் சென்றார். 1575 பிப்ரவரி 2 அன்று மனம் மாறினார். துறவியாக விரும்பினார், ஆறாத புண் தடையானது. மீண்டும் அதே மருத்துவமனைக்குத் திரும்பினார்.

கூலிக்கு வேலை செய்தவர்கள் நோயாளிகளைக் கவனியாமல் விட்டதை அங்கே கண்டார். அன்பினால் மட்டுமே பணிபுரியும் ஒரு குழு வேண்டும் என்ற எண்ணம் 1582இல் பிறந்தது. 1584இல் குருவானார். 1591இல் அவரது குழு துறவற சபையானது. உயிருக்கே ஆபத்து வந்தாலும் நோயாளிகளுக்குப் பணி செய்வது அவர்களின் நான்காவது வார்த்தைப்பாடு.

இறப்பவர் யாரும் தனியே இறக்கக் கூடாது என்பதில் கமில்லஸ் உறுதியாயிருந்தார். சிலர் உயிர் பிரியுமுன்னரே இறந்தவராகக் கருதப்படுவதை அறிந்து, மூச்சு நின்றதாகத் தோன்றிய பின்னும் படுக்கையருகே செபத்தைத் தொடரச் செய்தார். 1614இல் இறந்த இவரை, 1746இல் திருச்சபை புனிதராக உயர்த்தியது. 1930இல் செவிலியரின் பாதுகாவலராக்கியது.

நம் டெல்டா விவசாயி காலையில் வரப்பில் நடந்து, இலையின் நிறத்தைப் பார்த்தே பயிரின் தேவையை அறிவார். செவிலியரின் கண்ணும் அப்படிப்பட்டதே. மருத்துவர் வந்து போகிறார்; செவிலியர் உடனிருக்கிறார். அடங்காத வலி, மூச்சுத்திணறல், ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழக்கும் உறுப்புகள், குறுகிய காலத்தில் திரும்பத் திரும்ப ஐ.சி.யு.வில் சேர்க்கப்படுதல், என்ன முடிவெடுப்பது எனத் தவிக்கும் குடும்பம் ஆகியவற்றை முதலில் காண்பவர் அவரே. வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை தேவை என்று அவர் தயங்காமல் மருத்துவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். அது நோயாளியைக் கைவிடுவது அல்ல. மற்ற சிகிச்சைகள் நடக்கும்போதே அதையும் தொடங்கலாம்.

திருச்சபையும் இதையே கற்பிக்கிறது. இறப்பவர்களைப் பராமரிப்பது பற்றி வத்திக்கான் வெளியிட்ட மடல், இப்புனிதரின் நினைவு நாளான 2020 ஜூலை 14 அன்று கையெழுத்தானது. கருணைக்கொலையை அது முற்றிலும் மறுக்கிறது. பயன் தராத, வருத்தம் மட்டுமே தரும் சிகிச்சையை நீட்டிக்கக் கடமையில்லை என்றும் கூறுகிறது. அப்போதும் உணவு, நீர், வலி நிவாரணம், உடனிருப்பு ஆகிய அடிப்படைப் பராமரிப்பு தொடர வேண்டும்.

ஆனால் நடப்பது என்ன? நிலத்தையும் நகையையும் அடகு வைத்து, கண்ணாடிக் கதவுக்கு வெளியே காத்திருக்கும் குடும்பங்களைக் காண்கிறோம். குருக்களாகிய நம்மையும் கடைசி நிமிடத்தில்தான் அழைக்கிறார்கள். நோயில்பூசுதல் தரும்போது, பாவசங்கீர்த்தனம் செய்யவோ நற்கருணை உட்கொள்ளவோ நோயாளியால் முடிவதில்லை. கடுமையான நோய் என்றதுமே குருவை அழைப்பது மரணத்தை அழைப்பதாகாது. நம்பிக்கையளிக்கும் வார்த்தை என்று நினைத்து, உண்மையைப் பேச விடாமல் நாமும் சில வேளைகளில் தடுத்திருக்கிறோம். அதற்காக மனம் வருந்துவோம்.

நம் பங்கின் செவிலியருக்காக இந்த வாரம் ஒரு செபமாலை சொல்வோம். புனித கமில்லஸே, அவர்களுக்குக் காணும் கண்களையும் பேசும் துணிவையும் பெற்றுத் தாரும்.