பன்முக அறிஞர் டுபாய்ஸ்

பல்கலைக்கழகம் என்றவுடன் நம் இளைஞர்களின் மனக்கண்முன் தோன்றுவன பட்டமும் அதன்பின் கிடைக்கும் பணியுமே. வறுமையில் உழலும் குடும்பத்துப் பிள்ளைக்கு அவ்விரண்டும் இன்றியமையாதவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அந்நிலத்தில் விளைவது அவ்வளவுதானா? ஆய்வேடும் கள ஆய்வும், புள்ளிவிவரப் படமும் கட்டுரையும், நாவலும் நாடகமும் அங்கே பயின்றோர் கையில் விளையக் கூடியவையே. இவற்றையெல்லாம் ஒருவரே படைத்தார். தம் மக்களின் விடுதலைக்காகவே படைத்தார். அவர்தாம் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸ். அவர்தம் வாழ்வை இவ்வெள்ளி விழா மலர் வாயிலாக எடுத்துரைக்க விழைகிறோம்.

டுபாய்ஸ் 1868ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரேட் பாரிங்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அமெரிக்காவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து அப்பொழுது இரண்டாண்டுகளுக்குச் சற்று மேலாகவே ஆகியிருந்தது. தந்தையார் மகனின் குழந்தைப் பருவத்திலேயே குடும்பத்தை விட்டகன்றார். தாயார் வீட்டு வேலை செய்து மகனைப் படிக்கவைத்தார். உயர்நிலைப் பள்ளியை மகன் முடித்த சிறிது காலத்தில் அவரும் மறைந்தார். உள்ளூர்த் தேவாலயங்கள் திரட்டித் தந்த பொருளைக்கொண்டு, 1885இல் டுபாய்ஸ் டென்னசி மாநிலத்திலுள்ள ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கோடை விடுமுறைகளில் அம்மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் ஆசிரியராகப் பணிபுரிந்தார். பருத்தி வயல்களில் கடனுக்கு உழைத்த மக்களின் வாழ்வையும், அவர்கள் பாடிய துயரப் பாடல்களையும் அங்கேதான் அவர் நெருங்கி அறிந்தார்.

பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகம் சென்றார். ஃபிஸ்கில் பெற்ற பட்டத்தை ஹார்வர்டு முழுமையாக ஏற்கவில்லை. எனவே இளங்கலை மாணவராகவே மீண்டும் சேர்ந்து, 1890இல் இரண்டாம் முறையாக இளங்கலைப் பட்டம் பெற்றார். 1892இல் உதவித்தொகை பெற்று ஜெர்மனி சென்று, பெர்லின் பல்கலைக்கழகத்தில் பொருளியலும் வரலாறும் பயின்றார். முனைவர் பட்டத்தை எட்டும் தறுவாயில் உதவித்தொகையை நீட்டிக்க அறக்கட்டளை மறுத்தது. பட்டம் பெறாமலே நாடு திரும்பினார். அவர் தளர்ந்துவிடவில்லை. 1895இல் ஹார்வர்டிலேயே முனைவர் பட்டம் பெற்றார். அங்கு அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. அமெரிக்காவுக்கு நிகழ்ந்த அடிமை வாணிகத்தை ஒடுக்க எடுத்த முயற்சிகள் பற்றியது அவர்தம் ஆய்வேடு. 1808இல் நடைமுறைக்கு வந்த தடைச்சட்டம் எவ்வாறு ஏட்டளவில் நின்றது என்பதை அது ஆவணங்களைக்கொண்டு நிறுவியது. 1896இல் ஹார்வர்டு வரலாற்று ஆய்வு வரிசையின் முதல் நூலாக வெளிவந்தது.

அதே ஆண்டில் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரைப் பிலடெல்பியா நகருக்கு அழைத்தது. கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த ஏழாம் வட்டத்தை ஆராய்வதே அவருக்கு இடப்பட்ட பணி. மாணவர்க்குப் பாடம் நடத்தும் வாய்ப்பு அவருக்கு வழங்கப்படவில்லை. அவரோ மனைவியுடன் அவ்வட்டத்திலேயே குடியேறி, வினாத்தாள்களைக் கையிலேந்தி வீடு வீடாக நடந்தார். ஏறத்தாழ 2,500 குடும்பங்களைத் தாமே நேரில் கண்டு விவரம் திரட்டினார். அப்பகுதியின் வறுமைக்கும் குற்றத்திற்கும் அம்மக்களின் பிறவி இயல்பே காரணம் என்று பலர் அன்று நம்பினர். அடிமை வாழ்வின் எச்சம், தொழில்களில் நுழையவிடாத தடை, இழிந்த வீட்டிற்கும் மிகுந்த வாடகை ஆகியவையே காரணங்கள் என அவர் கணக்கோடு காட்டினார். 1899இல் வெளியான அந்நூல் அமெரிக்க நகர்ப்புறச் சமூகவியலின் முன்னோடி நூல்களுள் ஒன்றாக இன்று மதிக்கப்படுகிறது.

1897இல் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். வணிகம், பள்ளிக்கல்வி, கைவினைஞர், தேவாலயம், குடும்பம் என ஆண்டுக்கொரு பொருளை எடுத்து, கறுப்பின மக்களின் வாழ்வை ஆராயும் வெளியீடுகளை நடத்தினார். 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காகத் தம் மாணவர்களின் துணையுடன் அறுபது அளவிலான புள்ளிவிவரப் படங்களைக் கையால் வரைந்து வண்ணந்தீட்டி அனுப்பினார். மக்கள்தொகை, எழுத்தறிவு, நிலவுடைமை ஆகியவற்றின் வளர்ச்சியைக் கோடுகளும் வளைவுகளும் எடுத்துரைத்தன. அவர்தம் படைப்புக்குத் தங்கப்பதக்கம் கிடைத்தது.

எண்களே உண்மையை நிலைநாட்டப் போதும் என்ற அவர்தம் நம்பிக்கையை 1899ஆம் ஆண்டு அசைத்தது. ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்னும் கறுப்பினத் தொழிலாளியை வெள்ளையர் கும்பலொன்று விசாரணையின்றிச் சித்திரவதை செய்து எரித்துக் கொன்றது. அதுபற்றி நிதானமாக எழுதிய மடலொன்றைச் செய்தித்தாள் அலுவலகத்தில் கொடுக்கச் சென்ற டுபாய்ஸ், இறந்தவரின் விரல் எலும்புகள் கடையொன்றில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன என்று வழியிலேயே கேள்வியுற்றுத் திரும்பினார். அடுத்த மாதம் அவர்தம் இரண்டு வயதும் நிரம்பாத மகன் நோயுற்று மறைந்தான். ஆய்வு கூடத்தின் அமைதியில் மட்டும் இனி அமர்ந்திருக்க இயலாது என்று அவர் உணர்ந்தார்.

அவ்வுணர்விலிருந்து 1903இல் பிறந்ததே கறுப்பின மக்களின் ஆன்மாக்கள் என்னும் பொருள்படும் புகழ்பெற்ற நூல். பதினான்கு இயல்களில் வரலாறும் சமூகவியலும், மகனை இழந்த தந்தையின் இரங்கலும், ஒரு சிறுகதையும், இசை பற்றிய கட்டுரையும் ஒன்றாய்க் கலந்தன. அடிமைகளின் பாடல்களிலிருந்து எடுத்த இசைக்குறிகளை இயல்களின் தலைப்பில் பொறித்து, எழுத்தறியா முன்னோரின் பாட்டையும் அறிவுச் செல்வமாகவே உலகின் முன் வைத்தார். 1911இல் பருத்திப் பொருளாதாரத்தைக் களமாகக்கொண்டு நாவல் எழுதினார். 1913இல் ஆப்பிரிக்க மக்களின் வரலாற்றை நியூயார்க்கில் நூற்றுக்கணக்கானோர் பங்கேற்ற மாபெரும் மேடைக் காட்சியாக்கினார்.

கறுப்பின மக்களுக்குக் கைத்தொழிற் கல்வியே முதன்மை என்று தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் அன்று வலியுறுத்தி வந்தார். தொழிற்கல்வியை டுபாய்ஸ் வெறுக்கவில்லை. உயர்கல்வியைக் கைவிட்ட சமுதாயம் தன் ஆசிரியர்களையும் வழிகாட்டிகளையும் பிறரிடம் இரந்து பெற நேரும் என்பதே அவர் வாதம். 1910இல் பேராசிரியர் பணியை விட்டு, உரிமை இயக்கத்தின் இதழுக்கு ஆசிரியரானார். 1934இல் அட்லாண்டாவுக்கே திரும்பி, உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய சீரமைப்புக் காலத்தைப் பற்றிய பெருநூலை 1935இல் வெளியிட்டார். கறுப்பின மக்களின் ஆட்சிப் பங்கேற்பைப் பழித்து எழுதப்பட்டுவந்த வரலாற்றை அந்நூல் எதிர்த்து நின்றது. 1940இல் ஃபைலான் என்னும் ஆய்விதழைத் தொடங்கினார்.

இப்பெருமகனுக்கும் நமக்கும் ஓர் உறவுண்டு. 1946இல் அண்ணல் அம்பேத்கர் டுபாய்சுக்கு மடல் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த விண்ணப்பத்தின் படியை அதில் வேண்டினார். அண்ணலை முன்பே அறிந்திருப்பதாகவும், இந்தியத் தீண்டப்படாத மக்கள்பால் தமக்குப் பரிவு உண்டு என்றும் டுபாய்ஸ் மறுமொழி விடுத்தார். நியூயார்க்கில் கொலம்பியாவிலும் லண்டனிலும் ஆய்வேடுகள் படைத்தவர் அண்ணல். தம் மக்களின் துயரை உலகத்தின் கேள்வியாக்கக் கல்வியைக் கருவியாகக்கொண்ட இருவர் கடல் கடந்து கைகுலுக்கிய நிகழ்ச்சியாகவே இதனை நாம் போற்றுகிறோம்.

கற்றோரில் தலைசிறந்த சிறுபகுதியினரே சமுதாயத்தை உயர்த்துவர் என்று டுபாய்ஸ் இளமையில் கருதினார். 1948இல் அக்கருத்தை அவரே திருத்தினார். தன்னலத்தில் மூழ்கும் கற்றோரால் பயனில்லை, தியாக உணர்வும் வேண்டும் என்று எச்சரித்தார். 1956இல் ஆக்ராவில் அண்ணல் வருந்திக் கூறியதும் இதுபோன்றதே.

முதுமையிலும் அவர் சோர்வறியார். 1951இல் அமைதி இயக்கப் பணிக்காக வழக்குமன்றம் ஏறி விடுதலை பெற்றார். 1961இல் கானா நாடு சென்று ஆப்பிரிக்கக் கலைக்களஞ்சியம் தொகுக்கும் பணியை ஏற்றார். அது முற்றுப்பெறுமுன், 1963 ஆகஸ்ட் 27இல் அக்ராவில் தம் 95ஆம் அகவையில் மறைந்தார். பட்டம் பெறாமல் திரும்ப நேர்ந்த பெர்லின் பல்கலைக்கழகம் 1958இல் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. பாடம் நடத்த இடந்தராத பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 2012இல் அவரை மதிப்புறு பேராசிரியராக அறிவித்தது.

இளைஞர்களே! நம் தெருவின் வீடுகளை எண்ணுவதும் ஆய்வு. வாடகையையும் கூலியையும் கணக்கெடுப்பதும் ஆய்வு. நம் பாட்டிமாரின் தாலாட்டும் ஒப்பாரியும் ஏட்டில் ஏறக் காத்திருக்கின்றன. பட்டம் பெறுங்கள், பணியும் பெறுங்கள். அத்துடன் நம் மக்களைப் பற்றி ஒரு நூலேனும் உங்கள் கையால் எழுதுங்கள். அதனை நம் சங்கத்தின் நூலகத்தில் வைத்துப் பெருமை கொள்வோம்.