மருந்து விற்ற காசில் இசை வளர்த்தவர்

கோலியனூர்க் கூட்டு ரோட்டில் கூட்டம் முடிந்து கலையும் நேரம். கூலி வேலை செய்யும் தோழர் ஒருவர் நம்மை மறித்து, கச்சேரி என்றாலே தெலுங்குதானா, தமிழனுக்கு இசையே கிடையாதா என்று கேட்டார். அதே கேள்விக்கு விடை தேடி வாழ்நாளையும் பொருளையும் செலவிட்டவர் ஒருவர் உண்டு. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர்!

1859-ல், தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றார், வயலினும் பயின்றார். சுருளிமலையில் கருணானந்தர் என்ற முனிவரிடம் சித்த மருத்துவம் கற்றார். தஞ்சையில் அவர் செய்து விற்ற மருந்துகள் கடல் கடந்தும் சென்றன. பணம் குவிந்தது.

பணம் குவிந்தால் சிலர் தேர் செய்வர், சிலர் தர்பார் நடத்துவர். பண்டிதர் இசை மாநாடு கூட்டினார்! 1912-ல் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் கண்டு, சொந்தச் செலவில் வித்துவான்களை வரவழைத்து, விருந்திட்டு, வாதிட்டார். தமிழிலே கீதங்கள் இயற்றினார்.

அவர் வாதம் என்ன? ச ரி க ம என்கிறார்களே, அந்த ஏழையும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று இளங்கோ பாடிவைத்திருக்கிறார். ஆய்ச்சியர் குரவையைப் புரட்டினால் தெரியும். வடமொழி நூலார் சொன்ன சுருதி இருபத்திரண்டு. பண்டிதர் கணக்குப் போட்டு, அல்ல, இருபத்துநான்கு என்றார். 1916-ல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டிலேயே அதைச் சொன்னார். மெய்ப்பித்துக் காட்டப் பாடியவர்கள் அவர் பெற்ற பெண்கள்! பெண்கள் மேடையேறத் தயங்கிய காலம் அது.

1917-ல் ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது. அச்சிட்டதும் அவருடைய அச்சகமே. அத்தனை பக்கங்களுக்கும் எழுத்துக் கோத்த தொழிலாளர்களையும் நாம் நினைக்கிறோம்.

அவர் நம் பாசறையினர் அல்லர். பக்தி மிகுந்த கிறித்தவர். வெள்ளையர் தந்த ராவ் சாகிப் பட்டத்தை ஏற்றவர். கடல்கொண்ட குமரிக் கண்டம் பற்றி அவர் எழுதியதை இன்றைய நிலநூல் ஒப்பாது. சுருதிக் கணக்கையும் எல்லாரும் ஏற்றுவிடவில்லை. இருக்கட்டுமே! கேட்கவே அஞ்சிய கேள்வியைச் சபை நடுவே கேட்டவர் அவரல்லவா?

1919 ஆகஸ்டில் மறைந்தார். 1941-ல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியதையோ, 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்ததையோ அவர் பார்க்கவில்லை. நூலின் இரண்டாம் பாகத்தை மகள் மரகதவல்லி 1946-ல் வெளியிட்டார்.

அன்றிரவு அந்தத் தோழரிடம் இவ்வளவும் சொல்ல முடியவில்லை. புதுச்சேரிச் சாலையில் கடைசி பஸ் வந்துவிட்டது, ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.