மானிப்பாய் மருத்துவர் கிறீன்

திருக்கோணமலைத் துறைமுகத்தை அண்டி வளர்ந்த நம் கல்லூரியிலிருந்து மருத்துவம் பயிலச் சென்றோர் பலர். ஏட்டிற் கற்றதும் கட்டிலருகே கண்டதும் தம்முட் பொருந்தாது இடர்ப்பட்ட நாள்களை அவர்கள் மறந்திரார். குடும்பங்களின் மனத்துயர் தீர்க்கும் உளவளத்துணைப் பயிற்சியில் இன்று ஈடுபட்டிருப்போர்க்கும் இவ்விடர் உண்டு. இதனோடு வாழ்நாளெல்லாம் போராடிய ஒருவரை இங்கு நினைவுகூர்வோம்.

டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் வூஸ்ரர் நகரிற் பிறந்தார். நியூயோர்க்கில் மருத்துவங் கற்று, அமெரிக்க மிஷனைச் சார்ந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டே மானிப்பாயில் நோயாளரைப் பார்க்கவும் மாணவருக்குக் கற்பிக்கவும் தொடங்கினார். அங்கே வகுப்பறை வேறு, மருந்துச்சாலை வேறு என்றிருக்கவில்லை. பாடங்கேட்ட மாணவரே புண் கழுவிக் கட்டினர், மருந்து கூட்டினர், சத்திரசிகிச்சையின்போது ஆசிரியரருகே நின்றனர், வாந்திபேதி பரவிய காலங்களில் ஊர்களுக்குஞ் சென்றனர்.

ஆயினும் ஒரு குறை. பாடமும் நூலும் ஆங்கிலம். நோயாளியும் அவன் வீட்டாரும் பேசியதோ தமிழ். ஆங்கிலத்திற் கற்றோர் பலர் கிராமத்தை விட்டு உத்தியோகத்தை நாடினர். சிலர் ஐரோப்பிய உடை பூண்டனர். இது கிறீனுக்கு உவப்பாயில்லை. தாயகஞ் சென்று 1862இல் மீண்டபின், தமிழிலேயே மருத்துவங் கற்பிக்கத் துணிந்தார். மாணவர் எல்லாரும் இதனை விரும்பினரல்லர். ஆங்கிலமே பதவிக்கு வழியாயிருந்த காலத்தில் அவர்கள் தயங்கியதைக் குற்றமெனக் கொள்ளல் தகாது.

தமிழிற் கற்பிக்க நூல் வேண்டுமே! தமிழைப் பயின்றிருந்த கிறீன், தம் மாணவர் துணையோடு மொழிபெயர்ப்பில் இறங்கினார். இரண வைத்தியம் 1867இல் வெளிவந்தது, உடற்கூறு பற்றிய மனுஷ அங்காதிபாதம் 1872இல், கெமிஸ்தம் 1875இல். இறுதியிற் சொன்ன பெயரைக் கேட்டு நம் இரசாயன மாணவர் நகைக்கக்கூடும். தமிழிலும் வடமொழியிலும் தேடிக் கிடையாதவிடத்தே ஆங்கில ஒலியை நாடியதன் விளைவு அது.

1873இல் அவர் தாயகந் திரும்பியபோது, அவரிடம் பயின்று மருத்துவராயினோர் 60க்கு மேற்பட்டிருந்தனர்; ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழிற் கற்றவர். கொழும்பில் 1870இல் தொடங்கிய அரசாங்க மருத்துவப் பள்ளியோ ஆங்கிலத்தையே கைக்கொண்டது. நம் மருத்துவ பீடங்களின் வழி இன்றும் அதுவே. வூஸ்ரரில் இருந்தும் கிறீன் மொழிபெயர்ப்பை விடவில்லை. 1884இல் அங்கேயே காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியஞ் செய்தவர் என்று தம் கல்லறையிற் பொறிக்குமாறு கேட்டிருந்தார்.