ஹூட்ரி தந்த பெட்டி

சத்தம் தூக்கலா வரணும்னு காரோட கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழட்டப் போறீங்களா? முதல்ல யூஜின் ஹூட்ரியைத் தெரிஞ்சுக்கோங்க.

1892-ல் பிரான்சில் பிறந்த இன்ஜினியர். முதல் உலகப்போரில் டேங்க் படையில் காயம்பட்டவர். கனமான எண்ணெயை வினையூக்கியால் உடைத்துப் பெட்ரோலாக்கிக் காட்டியவர். 1950-களில் லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டம் அவரை உறுத்தியது, கன்வெர்ட்டர் பிறந்தது. ஆனா பெட்ரோலில் இருந்த ஈயம் வினையூக்கியைக் கெடுத்துடுச்சு. 1962-ல் இறந்தார்.

ஈயமில்லாப் பெட்ரோல் வந்த பிறகு, 1975 மாடல் அமெரிக்கக் கார்களில்தான் அது பரவலா ஏறியது. இன்று அங்கே அதுக்குச் சட்டப்படி 8 வருஷம் அல்லது 80,000 மைல் வாரண்டி. மாற்றத்தால் கெட்ட பாகத்துக்கு மட்டும்தான் வாரண்டி மறுக்கலாம். மொத்தக் காருக்கும் இல்ல. ஆனா கன்வெர்ட்டரையே கழட்டினா அதோட வாரண்டியும் போச்சு, சட்டமும் மீறியாச்சு. போகும் புகையைச் சுவாசிக்கிறதும் நாமதான்.