மூக்கின் வழியே ஒரு பாதை

மூக்கு வழியாகப் போய் மூளைக்கு அடியில் இருக்கும் கட்டியை எடுப்பார்கள் என்றதும், பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டும் என் பெரியம்மா மருத்துவமனைக்கே வர மறுத்துவிட்டார். மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை, செருப்பின் அளவு கூடிக்கொண்டே போனது, பக்கப் பார்வை மங்கியது. எல்லாவற்றுக்கும் காரணம், பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வளர்ந்த கட்டி. அவரைச் சம்மதிக்க வைக்க நான் தேடிப் படித்தபோதுதான் ஹார்வி குஷிங் அறிமுகமானார்.

1869-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மருத்துவர் குடும்பத்தில் பிறந்தவர். ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, அவர் ஈதர் கொடுத்த நோயாளி ஒருவர் இறந்துபோனார். அது அவரை உலுக்கியது. பிறகு நண்பர் காட்மனுடன் சேர்ந்து, மயக்கத்தில் இருப்பவரின் நாடித்துடிப்பையும் மூச்சையும் குறித்துவைக்கும் அட்டவணையை உருவாக்கினார்.

மூக்கு வழி அவர் கண்டுபிடித்ததல்ல. 1907-இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் ஹெர்மன் ஷ்லோஃபர் மூக்கைப் பக்கவாட்டில் திறந்து அதைச் செய்துகாட்டியிருந்தார். குஷிங் பலரின் உத்திகளைச் சேர்த்து அதைச் செம்மைப்படுத்தினார். மேலுதட்டுக்கு உள்ளே வெட்டி, மூக்கின் நடுச்சுவரை ஒட்டிச் சென்று, பின்னால் உள்ள எலும்பறையைத் திறந்தால் சுரப்பி தெரியும். முகத்தில் தழும்பு விழாது. (என் பெரியம்மாவின் முகத்திலும் இன்று ஒரு தையல்கூட இல்லை.) 1910 முதல் 1925 வரை இப்படி 231 பேருக்குச் சிகிச்சை செய்தார்; இறந்தவர்கள் 5.6 விழுக்காடுதான். ஆண்டிபயாட்டிக் இல்லாத காலம் அது!

உதவியாளர்களிடம் மிகக் கடுமையானவர் என்று பெயர். 1926-இல் மூத்த மகன் கார் விபத்தில் இறந்த செய்தி வந்த அன்றும் அறுவை சிகிச்சைக்குச் சென்றார். அதைக் கடமை என்பதா, கல்மனம் என்பதா? எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. அதே ஆண்டு, அவர் எழுதிய மருத்துவர் ஆஸ்லரின் வாழ்க்கை வரலாறு புலிட்சர் பரிசு பெற்றது.

வியப்பு என்னவென்றால், 1920-களின் இறுதியில் அவரே மூக்கு வழியைக் கைவிட்டார். குறுகலான பாதை, போதாத வெளிச்சம். மண்டையோட்டைத் திறந்தால் கட்டி அழுத்தும் பார்வை நரம்பை நேரடியாகக் காணலாம். குருவே விட்டபின் உலகமும் விட்டது.

ஆனால் எடின்பரோவின் நார்மன் டாட் விடவில்லை. 1920-களில் குஷிங்கிடம் பயின்ற அவர், கருவியிலேயே விளக்கைப் பொருத்திக்கொண்டார். 1939-இல் குஷிங் மறைந்தார். 1956-இல் டாட்டின் சிகிச்சையைப் பார்த்த ஜெரார் கியோ அதைப் பாரிசுக்குக் கொண்டுபோனார். அவரிடம் கற்ற மாண்ட்ரியலின் ஜூல்ஸ் ஹார்டி, 1960-களில் அந்த இருண்ட துளைக்கு நேராக நுண்ணோக்கியை வைத்தார்.