ஹெல்ம்ஹோல்ட்ஸும் அப்பாவின் கண்ணும்

சென்ற மாதம் ஊரிலிருந்து அப்பா தொலைபேசியில் அழைத்தார். வலது கண்ணில் புரை முற்றிவிட்டதாம். டாக்டர் இரண்டு மூன்று வகை லென்ஸ் சொல்கிறாராம். விலை கூடியதை வைத்தால் பேப்பர் படிக்கக்கூடக் கண்ணாடி வேண்டாமாம். நீதான் படித்தவனாயிற்றே, பார்த்துச் சொல் என்றார். நான் படித்தது மின்னணுவியல், பிழைப்பு மென்பொருள். கண்ணைப் பற்றி எதைப் புரட்டினாலும் ஒரே பெயரில் வந்து முட்டிக்கொண்டேன்: ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ். கல்லூரி ஆய்வகத்துக் கம்பிச்சுருள் வழியாக மட்டுமே எனக்கு அறிமுகமாகியிருந்த மனிதர்.

பெர்லினை அடுத்த போட்ஸ்டாமில் 1821-ல் பிறந்தவர். தந்தை பள்ளி ஆசிரியர். பையனுக்கு ஆசை இயற்பியலில், வீட்டிலோ வசதியில்லை. ராணுவத்தில் எட்டு ஆண்டுகள் வேலை செய்ய ஒப்புக்கொண்டால் அரசாங்கமே மருத்துவம் படிக்க வைக்கும். அப்படித்தான் டாக்டரானார். (கிடைத்ததைப் படித்தவர்கள் நம்மிலும் ஏராளம்.) ஆனால் ஆசையை விடவில்லை. ராணுவ டாக்டராக இருந்துகொண்டே 1847-ல், ஆற்றல் உருமாறுமே தவிர அழியாது என்று கணிதத்தோடு ஒரு கட்டுரை எழுதினார். பெயர்பெற்ற இயற்பியல் இதழ் திருப்பி அனுப்பிவிட, தனிப் பிரசுரமாக வந்தது.

ராணுவத்திலிருந்து விடுபட்டு 1849-ல் கோனிக்ஸ்பெர்க்கில் உடலியல் பேராசிரியரானார். அடுத்த ஆண்டே, மாணவர்களுக்குப் பாடம் நடத்தத் தயாரிக்கும்போது, அட்டையையும் கண்ணாடித் துண்டுகளையும் ஒட்டி ஒரு கருவி செய்தார். உயிருள்ள மனிதரின் விழித்திரையைத் தெளிவாகப் பார்க்க அது வழிசெய்தது. இன்றும் கண் டாக்டர் வெளிச்சம் அடித்து நம் கண்ணுக்குள் குனிந்து பார்க்கும் கருவி அதன் வழிவந்ததுதான்.

எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்த வேலை. எட்ட இருப்பதை விட்டுக் கிட்ட இருப்பதைப் பார்க்கும்போது கண்ணுக்குள் என்ன மாறுகிறது? வில்லை முன்னால் நகர்கிறதா, கண்ணே நீள்கிறதா, கருவிழி வளைகிறதா என்று நெடுநாள் சண்டை. மாற்றம் வில்லையில்தான் என்று லண்டன் டாக்டர் தாமஸ் யங் 1801-லேயே காட்டியிருந்தார். எப்படி என்பதுதான் பிடிபடவில்லை.

இருட்டறையில் ஒருவர் கண்ணெதிரே மெழுகுவர்த்தியைப் பிடித்தால் சுடரின் மூன்று பிம்பங்கள் தெரியும். கருவிழியில் ஒன்று, வில்லையின் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் தலைகீழாக ஒன்று. அவரைக் கிட்டத்தில் பார்க்கச் சொன்னால் முன்பக்கப் பிம்பம் சிறுத்துவிடும். கரண்டியின் புறப்பக்கத்தில் முகம் பார்த்தவர்களுக்குத் தெரியும், வளைவு கூடினால் பிம்பம் சிறுக்கும். ஆக, வில்லை உருண்டு கொடுக்கிறது! ஹாலந்தில் கிராமர் என்ற இளம் டாக்டர் இதை முன்பே கவனித்திருந்தார். ஹெல்ம்ஹோல்ட்ஸ் அந்தப் பிம்பங்களை அளக்கவே ஒரு கருவி செய்து, 1855-ல் முழு விளக்கத்தையும் கொடுத்தார். வில்லையைச் சுற்றிலும் நுண்ணிய நார்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. வளையமான தசை சுருங்கும்போது வளையம் குறுகி நார்கள் தளர்கின்றன. வில்லை தன் இயல்பான உருட்சிக்குத் திரும்புகிறது. வயதாக ஆக வில்லை இறுகிவிடுகிறது. நார் தளர்ந்தாலும் அது உருள்வதில்லை. நாற்பதைத் தாண்டியவர்கள் பேப்பரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிப்பது இதனால்தான். பாட்டி சாளேஸ்வரம் என்பார். வெள்ளெழுத்து என்றும் சொல்வோம்.

1859-ல் மனைவி ஓல்கா இறந்தார். இரண்டாண்டு கழித்து மறுமணம். ஒளியியல் கையேட்டை 1867-ல் முடித்தார். கண்ணில் இத்தனை குறைகளா, கடைக்காரன் விற்றிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன் என்ற பொருளில் அவர் ஒருமுறை பேசியதுண்டு. ஆசைப்பட்ட இயற்பியல் நாற்காலி பெர்லினில் 1871-ல்தான் கிடைத்தது. வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. 1893-ல் அமெரிக்கா போய்த் திரும்பும்போது கப்பல் படியில் விழுந்தார்; மறு ஆண்டு செப்டம்பர் 8-ல் காலமானார்.

இறுகிய வில்லையை மறுபடி இளக்கும் அறுவை இன்றும் கைவரவில்லை. மற்றதெல்லாம் சுற்றுவழிதான். 1990-களில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சொன்னது தவறு என்று வாதிட்டு, விழியின் வெண்பகுதியில் சிறு பட்டைகளைப் பதித்துப் பார்த்தார்கள், எடுபடவில்லை. கருவிழிக்குள் மெல்லிய வில்லை பதிக்கும் ரெயின்டிராப்புக்கு 2016-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. 2018-ல் விற்பனை நின்றது; கருவிழி மங்கும் தொல்லையும் இருந்தது. லேசரால் ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் அமைப்பது இன்னொரு வழி. அப்பாவிடம் சொன்ன விலை கூடிய லென்ஸ், வரும் ஒளியைப் பல தூரங்களுக்குப் பங்கு போடுகிறது. புரை இல்லாதவர்களுக்கும் வெள்ளெழுத்துக்காகவே அதை வைப்பதுண்டு. பலர் கண்ணாடியைத் துறந்துவிடுகிறார்கள். ஆனால் பங்கு போட்ட ஒளி பங்குதானே! இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியலாம். மங்கலில் தெளிவு குறையலாம்.

அப்பாவிடம் இரவில் ஸ்கூட்டர் ஓட்டுவதுண்டா என்று மட்டும் கேட்டேன். தினமும் ஒன்பது மணிக்குத்தான் கடை அடைக்கிறேன், பிறகு எப்படி வீட்டுக்கு வருவதாம் என்றார். தூரத்துக்கான சாதா லென்ஸே போதும் என்று இருவருமாக முடிவு செய்தோம். போன வாரம் ஆபரேஷன் முடிந்தது. படிக்கும் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று மறுபடி தேட ஆரம்பித்துவிட்டாராம். அம்மா சொன்னார்.